ஒருமுறைதான் கேட்பார்

அந்த அக்காவுக்கு மூக்கு வேலை செய்யாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நான் செய்த காரியம் எவ்வளவு கேவலம் என்பது உங்களுக்குப் புரியாமல் போய்விடும்.

இளவயதில் பாயான் லெப்பாசில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்திருக்கிறார். சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஏதோ ஒரு திரவத்தில் முக்கிக் கழுவி எடுக்கிற வேலை. அது என்ன திரவம் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சில வருஷம் கழித்து ஒருநாள் அடுப்பில் கருவாடு கருகிக் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொல்லித்தான் இவருக்கே விஷயம் தெரிந்ததாம்.

"ஒரு தலவலிகூட வரல தம்பி. மூக்கு மட்டும் போயிருச்சு. அன்னிக்கு நான் கேக்காம விட்டேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் கேட்டுருவேன்" என்பார்.

நான் அவரைச் சந்தித்தது ஜெலுத்தோங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த பரிசோதனைக்கூடத்தில். கீழே டயர் கடை. மேலே நாங்கள் ஏழெட்டுப் பேர். ஆலைக்காரர்கள் ஏதாவது ஒரு ரசாயனத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தரை கழுவுகிற திரவமாக இருக்கும், களைக்கொல்லியாக இருக்கும். அது ஆற்றில் கலந்தால் எந்த அளவில் அங்கே இருக்கும் சின்ன உயிர்களுக்குக் கேடு என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது நீர்த்தெள்ளு. கடுகில் பாதி இருக்கும். மீன் வளர்ப்பவர்கள் குத்து ஆயேர் என்று பிளாஸ்டிக் பையில் வாங்கிப் போவார்களே, அந்த வகை. உடம்பு பளிங்காக இருக்கும், நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

பிறந்து ஒருநாள் ஆகாத குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஐந்தைந்தாக விடுவோம். ரசாயனத்தின் ஒவ்வொரு அளவுக்கும் நான்கு குவளை. எதுவுமே கலக்காத நல்ல தண்ணீரிலும் அதேபோல நான்கு குவளை, இருபது குஞ்சு. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். இரண்டு நாள் கழித்து எத்தனை நீந்துகின்றன என்று எண்ண வேண்டும். கன்ட்ரோலில் இருக்கிற இருபதில் இரண்டுக்கு மேல் நின்றுபோனால் மொத்தச் சோதனையும் குப்பைக்கு. நல்ல தண்ணீரிலேயே சாகிறது என்றால், மற்றதில் செத்தது ரசாயனத்தால்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது.

எண்ணுவது அக்காவின் வேலை. குவளையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உதட்டுக்குள் பதினைந்து வரை எண்ணுவார். அதற்குள் நீந்திப் போகாததை நின்றுபோனதாக எழுதிக்கொள்வார். நான் ஒருமுறை குறுக்கே புகுந்து, "கொம்பு ஆடுதேக்கா" என்றேன்.

"கொம்பாட்டுறது நீச்சல் இல்ல தம்பி. அதால போக முடியுதான்னுதான் கேள்வி."

விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. பட்டம் வாங்கிய நான் அதை அன்று மாலைதான் படித்தேன்.

முதல் நாள் கதவருகே என்னை நிறுத்தி, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். பரவாயில்லையே, பிரியமான அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆச்சுக்கா."

"என்னா சாப்பிட்டீங்க?"

"ரொட்டி சானாய்."

"கையாலயா?"

"கையாலதான்."

"எதப் போட்டுக் கழுவுனீங்க?"

அப்புறம்தான் அது பிரியம் இல்லை என்று தெரிந்தது. தலைக்கு என்ன தடவினேன், சட்டையை எந்தத் தூளில் துவைக்கிறார்கள், துவைத்தபின் வாசனைத் தண்ணீரில் அலசுகிறார்களா, இரவு அறையில் கொசு மருந்து அடித்தோமா. ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் குஞ்சுகளுக்குக் கையில் பூசிய கிரீமே போதும், கொசு மருந்து அடித்த கை போதும், கூட்டமாகப் படுத்துவிடும். இவர் மல்லிகைப்பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, தலைக்கு எண்ணெய்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மூக்கு இல்லாதவர் எதையும் மோந்து பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

எல்லாரையும் தினமும் கதவருகே கேட்டு எழுதுவார். எழுதினால் அவ்வளவுதான், அந்த விஷயம் முடிந்தது. திரும்பக் கேட்க மாட்டார், சந்தேகமாகப் பார்க்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் துணிச்சல் வந்து, "நான் பொய் சொல்லியிருந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று சீண்டினேன்.

"எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார். பதிலுக்குச் சீண்டவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

ஜுருவிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் ஆலைக் கழிவுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. "எங்க புடிச்சீங்க அண்ணே? தொட்டிலயா, லோங்காங்லயா?" என்று அக்கா கேட்டார். லோங்காங் என்றால் சாக்கடை. ஓட்டுநர் லோங்காங் என்றார், எழுதிக்கொண்டார். மறுநாள் ஆலையிலிருந்து கூப்பிட்டு, இல்லை இல்லை, தொட்டியில்தான் பிடித்தது, மாற்றி எழுதுங்கள் என்றார்கள். எங்கள் முதலாளியம்மா, கண்டிப்பான சீனப் பெண்மணி, ஓட்டுநரை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார்.

"மொத தடவ கேட்டா நடந்தத சொல்லுவாங்க மேடம். ரெண்டாவது தடவ கேட்டா, நமக்கு எது வேணும்னு பாத்துச் சொல்லுவாங்க."

லோங்காங் என்றே அறிக்கை போனது. எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதே குணம் மற்ற இடங்களில் எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. பக்கத்துக் கடையில் தே ஓ கோசோங், அதாவது சீனியில்லாத வெறும் தேநீர், கேட்பார். வந்ததும், "சீனி போடலதானே தம்பி?" என்பார். கடைப் பையனுக்கு என்ன கவனம். "போடலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் முதல் வாய் குடித்ததும் அவர் முகம் சுருங்கியது. என்னுடையதை மாற்றி வைத்துவிட்டானோ என்று வாங்கிக் குடித்துப் பார்த்தேன். பாயசம் தோற்றது.

"கொட்டிட்டு வேற வாங்கலாம்க்கா."

"போடலன்னு சொல்லிட்டானே" என்று சொல்லி முழுக்கக் குடித்துவிட்டார். நான் எழுந்து போய் அந்தப் பையனைச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். சொன்ன வார்த்தையை நாக்குக்கு மேலாக நம்புகிற ஒருவரோடு வேலை பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவருடைய கணவரையும் எனக்குத் தெரியும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மெலிந்த, நெட்டையான மனிதர். மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். அப்படியும் தினமும் ஐந்து மணிக்கு டயர் கடை ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அக்காவுக்கான தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னா தம்பி, இன்னிக்கு எத்தன செத்துச்சு?" என்று என்னைக் கேட்பார்.

"கேக்காதீங்கண்ணே."

"வீட்டுல என்னையும் சுத்தி விட்டுட்டுப் பதினஞ்சு எண்ணுறாங்க தம்பி. நான் இன்னும் நீந்திக்கிட்டுதான் இருக்கேன்."

அக்கா சிரிக்காமல் தலைக்கவசத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆனால் பின்னால் உட்கார்ந்ததும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து விடுவார். பிள்ளையில்லாத வீடு. அவர்கள் இருவரும்தான்.

இனி அந்த நாளுக்கு வந்துவிட வேண்டியதுதான். எவ்வளவு நேரம் தேநீரையும் லோரியையும் சொல்லிக்கொண்டிருப்பது.

எனக்கு அப்போது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கள்கிழமை காலை தீவுக்கு வரும் கடல் பாலத்தில் நெரிசல், செபராங் ஜெயாவிலிருந்து வந்து சேர்வதற்குள் மண்டை பிளந்தது. மினியாக் ஆங்கின் என்று நாங்கள் சொல்கிற தலைவலித் தைலம் எப்போதும் என் பையில் இருக்கும். படிக்கட்டில் நின்று நெற்றியிலும் பிடரியிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். மேலே போய்க் கை கழுவிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மேலே போனதும் மறந்துவிட்டேன். வழக்கமாகக் கதவருகே கேட்கும் அக்கா அன்று விடியற்காலையிலேயே வந்து நுண்ணோக்கி முன்னால் குனிந்து குஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம்.

"தம்பி, கன்ட்ரோல் நாலும் ரெடி. வெளிச்ச அலமாரியில வச்சிருங்க" என்றார் திரும்பாமல்.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடை. பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளி விட்டு வந்து அங்கே மேசை துடைத்தவன் நான். காலிக் குவளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினால் அத்தா திட்டுவார். ஐந்து விரலையும் உள்ளே விட்டு, ஒரே பிடியில் நான்கை எடுத்து வர வேண்டும். அந்தப் பழக்கம் பட்டம் வாங்கியும் கையைவிட்டுப் போகவில்லை. அன்று கன்ட்ரோல் குவளைகள் நான்கையும் அப்படித்தான் தூக்கினேன். விரல் நுனிகள் ஈரமானதுகூட எனக்குத் தெரிந்தது. கோட்டில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தபோது கன்ட்ரோலில் நான்கு நின்றிருந்தன. புதன்கிழமை ஒன்பது. குறைந்த அளவில் ரசாயனம் கலந்த குவளைகளில் எல்லாம் குதித்து நீந்திக்கொண்டிருக்க, நல்ல தண்ணீரில் விட்டவை அடியில் கிடந்தன. அக்கா குவளைகளைச் சுற்றிவிட்டுப் பதினைந்து எண்ணினார். நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்படி அவர் இரண்டாம் தரம் எண்ணி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. படிக்கட்டு, தைலம், விரல் நுனி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

முதலாளியம்மா வந்தார். ஜுரு ஆலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை அறிக்கை கேட்டிருந்தார்கள், எரிச்சலில் நின்றார். அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"தம்பி, திங்கக்கெழம கையில ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?"

முதலாளியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் வர வேண்டிய கடிதம் என் கண்முன் நின்றது.

"இல்லக்கா" என்றேன்.

அக்கா "தியாடா" என்று மலாயில் எழுதினார். இல்லை என்று. அந்தக் கையெழுத்து நிதானமாக, வட்ட வட்டமாக இருந்தது.

அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் புளுகு. அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். குருடரின் கையில் கள்ளநோட்டைத் திணிப்பவன் செய்கிற வேலை அது. திங்கள்கிழமை வேறு யாராவது பக்கத்தில் வந்திருந்தால் என் பிடரியில் அடித்த மணத்திலேயே மாட்டியிருப்பேன். அன்று முழுக்க அந்த அறையில் என்னோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் சோதனையைத் திரும்பச் செய்தோம். கன்ட்ரோலில் இருபதும் நீந்தின. நான் தைலத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், அப்புறம் ஏன் சாகும். அறிக்கை போனது. ஆலைக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்குக் கடிதம் கிடைத்தது. யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் கணக்கை முடித்துக்கொண்டேன்.

அக்காவால் முடிக்க முடியவில்லை. சோதனை கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். குவளை கழுவும் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரில் தனியாகக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். தரை துடைக்கும் அம்மாவை என்ன மருந்து ஊற்றினாய் என்று கேட்டார். காற்றாடியில் எண்ணெய் போட்டவனைக்கூட விடவில்லை. எல்லாரையும் ஒரு முறைதான். எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள், என்னைத் தவிர. இரண்டு வாரம் அவர் மதியம் சாப்பிடக் கீழே வரவில்லை. அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த தொட்டியைக் கடந்து நான் தினமும் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங் வாங்கி வருவேன். அதற்கு அவர் நன்றி சொல்வார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் தாளை எழுதி ஃபைலில் வைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் "தாங்கான் சாயா" என்று இருந்தது. என் கை என்று.

"என்னக்கா இப்படி எழுதிட்டீங்க? உங்க கைதான்னு எப்படித் தெரியும்?" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அக்கறையான குரல்.

"எல்லாரையும் கேட்டாச்சு தம்பி. மிச்சம் நான்தான்" என்றார்.

ஃபைலை மூடுவதற்கு ஏதாவது எழுதியாக வேண்டுமே, அதனால் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அதன்பிறகு அவர் கணவர் டயர் கடைக்கு வருவது நின்றது. அக்கா பேருந்தில் போனார். மழைக்காலம், அண்ணனுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கேட்டால், "இருக்காரு" என்பார், அதோடு சரி. மூன்று மாதம் இருக்கும், ஒருநாள் விடியற்காலையில் அண்ணன் மூச்சுத் திணறி இறந்துபோனார் என்று செய்தி வந்தது. நான் போயிருந்தேன். அக்கா அழவில்லை. கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், மேலும் இரண்டு வருஷம் எண்ணினார். ஓய்வு பெற்றதும் பாலிக் புலாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு ஃபோனில் வாழ்த்துச் சொல்வேன். பெருநாளுக்கு அவர் கூப்பிடுவார். அவ்வளவுதான் தொடர்பு.

இப்போது அந்தக் கூடத்தில் அறிக்கைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். குறிப்பிட்ட வருஷம் தாண்டிய ஃபைல்களை இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடலாம் என்பது எங்கள் ஏற்பாடு. போன மாதம் அரைக்க வேண்டியவற்றைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்கள். அனுமதி என்று கையெழுத்துப் போட வேண்டும். புரட்டியபோது அந்தத் தாள் வந்தது. தாங்கான் சாயா. வட்ட வட்டமான எழுத்து. அதை அரைத்துவிட்டால் என் பொய்க்கு ஊரில் சாட்சியே இருக்காது. பேனாவைத் திறந்தும்விட்டேன். பிறகு மூடி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாலிக் புலாவ் போனேன்.

அக்கா வாசலில் ஜாதிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததாம். நன்றாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். இந்த முறை அது பிரியம்தான்.

வீட்டு நலம், பிள்ளைகள் படிப்பு, பழைய ஆட்களில் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பேசி முடிந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"பழைய ஃபைல்லாம் அரைக்கப் போறோம்க்கா. அந்தக் கன்ட்ரோல் போன ஃபைலும் வந்துச்சு."

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அத நான் மறக்கல தம்பி. அது என் கைதான்."

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. உங்க அண்ணனுக்கு மழ நாள்ல நெஞ்சு அடைக்கும்ல. ராத்திரி மினியாக் ஆங்கின் சூடு பறக்கத் தேச்சு விட்டாத்தான் அவருக்குத் தூக்கம். எத்தனையோ வருஷமா தேச்சிருக்கேன். தேச்சிட்டுக் குளிச்சிருவேன், கைய மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுவேன். எனக்கு மணம் தெரியாதுல்ல. அதனால காலைல கெளம்புறப்ப அவரு மூஞ்சிக்கிட்ட கைய நீட்டி, போச்சான்னு கேப்பேன். மோந்து பாத்துட்டு, போச்சுன்னு சொல்லுவாரு. அவரு சொன்னாத்தான் வாசல் தாண்டுவேன்."

நான் என் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டேன்.

"அன்னிக்குக் கையில மொதல்ல பட்டது கன்ட்ரோல்தான், அது போச்சுல்ல. உங்களக் கேட்டேன், இல்லன்னுட்டீங்க. எல்லாரும் இல்லன்னுட்டாங்க. அப்ப பொய் சொன்னது யாரு? அவருதான். மணம் இருக்குன்னு சொன்னா நான் தேய்க்கிறத விட்டுருவேன்னு பயந்து, போச்சு போச்சுன்னு சொல்லியிருக்காரு. நேரா கேட்டேன். இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுனாரு. நான் நம்பல." ஜாதிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டார். "அன்னியோட தேய்க்கிறத விட்டுட்டேன். அவரா தேச்சுக்கப் பாத்தாரு, முதுகுக்குக் கை எட்டாது. கூப்பிடுவாரு. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். தேச்சிருந்தா மட்டும் பொழச்சிருப்பாரான்னு கேட்டா, டாக்டர் இல்லன்னுதான் சொன்னாரு. ஆனா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி."

நான் அங்கே போகும்போது, ஒரு பழைய தாளில் எழுதிய இரண்டு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சொல்லாமல் வந்துவிடலாம், வயதான காலத்தில் இதை வேறு ஏன் அவர் தலையில் இறக்க வேண்டும் என்று ஒரு நியாயம்கூட உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு நியாயங்கள் எப்போதும் சீக்கிரம் வந்துவிடும். அது முழுதாக வருவதற்குள் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அது உங்க கை இல்ல. நான்தான் அன்னிக்குத் தைலம் போட்டிருந்தேன். தலவலின்னு படியில நின்னு தேச்சேன், கை கழுவல. கன்ட்ரோல் நாலையும் விரல உள்ள விட்டுத் தூக்குனேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அப்ப அவரு பொய் சொல்லல" என்றார்.

"இல்லக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

"கடைசி மூணு மாசம் நான் அவர்கிட்ட மொகங்குடுத்துப் பேசல தம்பி" என்றார்.